இரண்டு பக்கமும் சிவகிரி

ஜனவரி 8, புதன்

பல்கலைக்கழக வாலிபால் அணியில் விளையாடிய உலகம்மாள் நான். வலைக்கு அந்தப் பக்கம் பனைமர உயரத்தில் மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதே அசராதவள், ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தா பயப்படப்போகிறேன்?

காலையில் மரகதம் டீச்சர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தலைமையாசிரியை கூப்பிட்டால் ஒன்று பாராட்டு, இல்லையென்றால் ஆப்பு. இன்றைக்கு இரண்டாவது.

"வார ஜூன்ல இருந்து பி.டி.க்குன்னு தனி போஸ்ட் கெடையாதாம், உலகம். பிள்ளேள் கொறஞ்சுட்டுன்னு தாளாளர் சொல்லிட்டாரு. ஆறு, ஏழு, எட்டுக்குக் கம்ப்யூட்டரும் சேத்து எடுக்க முடிஞ்சா நீ இங்கனயே இருக்கலாம். இல்லன்னா சிவகிரி ஸ்கூலுக்கு மாத்திருவாங்க."

பிப்ரவரி கடைசியில் தாளாளர் முன்னால் நான் ஒரு கம்ப்யூட்டர் பாடம் நடத்திக் காட்டவேண்டும். அதுதான் பரீட்சை.

சிவகிரியும் எங்கள் நிர்வாகத்தின் பள்ளிதான். பாவூர்சத்திரத்திலிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும் என்பதுகூடப் பெரிதில்லை. என் வாலிபால் அணி இங்கே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்ட பிள்ளைகள். இப்போது ஒன்பதாம் வகுப்பில் பந்துதான் இவர்களைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகளை நட்டாற்றில் விட்டுவிட்டு நான் சிவகிரியில் போய் யாருக்கு விசில் ஊத?

சரி, கற்றுக்கொண்டு காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லித்தர வாய்த்தவள் இசக்கிராணி, எங்கள் தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சர். ஏப்ரலில் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போகிறாள். வயதில் என்னைவிட மிகச் சின்னவள், பொறுமையில் மிகப் பெரியவள். மொழியின் பெயர் பைத்தானாம். மலைப்பாம்பின் பெயரை வைத்துவிட்டு, பயப்படாதீர்கள் என்கிறார்கள்.

முதல் பாடத்தின் பெயர் மாறி, அதாவது வேரியபிள். ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளவேண்டும். மேலே ஒரு பெயர் எழுதி, உள்ளே ஏதாவது போட்டு வைக்கலாம். தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. 'பெயர்' என்று ஒரு பெட்டி செய்து, உள்ளே 'உலகம்மாள்' என்று போட்டு, எனக்கு வணக்கம் சொல் என்றேன்.

'வணக்கம், பெயர்' என்றது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "என்னளா இது, ஆளத் தெரியாதவன் மாதிரிப் பேசுது?"

"பெயரயும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுட்டீங்கக்கா. மேற்கோளுக்குள்ள என்ன எழுதுனாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். பெட்டியத் தொறந்தே பாக்காது."

குறியை எடுத்ததும் 'வணக்கம், உலகம்மாள்' என்று மரியாதையாகச் சொன்னது. முதல் புள்ளி எனக்கு.

விளையாட்டு விடுதியில் இருந்த காலத்திலிருந்து ஒரு பழக்கம். நாட்குறிப்பின் கடைசி வரியில் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதித்தான் மூடவேண்டும். அப்போது தோள், முதுகு, கணுக்கால், முட்டி எல்லாவற்றுக்கும் எழுதுவேன். இப்போது முட்டிக்கு மட்டும்.

முட்டி: நலம்.

ஜனவரி 9, வியாழன்

கம்ப்யூட்டர் அறை மாடியில். படிக்கட்டுச் சுவரில் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களை ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு மயிலுக்கு ஆறு கால், ஆனாலும் நல்ல மயில். நான் போய்ச் சேருவதற்குள் இசக்கிராணி மேலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் ரசிக்க ஏது நேரம்.

'வயது' என்று பெட்டி செய்துவிட்டு 'வயசு' என்று கேட்டேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. ஓர் எழுத்து மாறினால் திருப்பி அனுப்பும் ரேஷன் கடை தோற்றது.

முட்டி: நலம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. வீடு முழுக்க ஒட்டடை. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து காலையில் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப்போன ஆட்டோவில் திரும்பும்போது, கத்தரிக்காய் மூட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு கொத்தனார்.

"எதுக்குங்க இது?"

"பொங்கலுக்கு அம்மா வாராவொ. கீழ ஒக்கார முடியாதுல்லா."

என் மாமியார் வயலில் குத்தவைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை களை பறிப்பவர். ஆனால் சுடலைமுத்து ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். தாய்ப்பாசம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பண்டிகை நேரத்தில் வீடெல்லாம் சிமெண்ட்.

முட்டி: நலம்.

ஜனவரி 17, வெள்ளி

மாமியார் ஊருக்குப் போய்விட்டார். வெஸ்டர்னை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாற்காலில ஒக்காந்தா எனக்கு வராது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இவர் டீயை ஆற்றினார்.

வாங்கியாகிவிட்டது, வீணாகக்கூடாது. நான்தான் பயன்படுத்துகிறேன்.

முட்டி: நலம்.

ஜனவரி 20, திங்கள்

தாளாளர் முன்னால் எதை நடத்திக் காட்டுவது என்று இசக்கிராணி கேட்டாள். எல்லாரும் வட்டிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் என்று செய்வார்களாம். உலகம் மிஸ் செய்யமாட்டாள். நான் ஸ்கோர்போர்டு செய்யப்போகிறேன். மார்ச் முதல் தேதி நிறுவனர் நாள் கோப்பை. சிவகிரியும் நாங்களும்தான் ஆடுகிறோம். வருடா வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் அழித்து அழித்து எழுதுவோம், போட்டது ஆறா எட்டா என்று சண்டை வரும். இந்த வருடம் கூடத்து டிவியை வெளியே கொண்டுவந்து, என் புரோகிராமில் புள்ளி காட்டுவேன்.

"பெரிய வேலையாச்சேக்கா. ரெண்டு பக்கப் பேரு, புள்ளி, செட்டு, எல்லாம் வேணும்."

"நீ பெட்டி செய்யச் சொல்லிக்குடு. ஆட்டம் எனக்குத் தெரியும்" என்றேன்.

முட்டி: நலம்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றிலிருந்து என் வகுப்பு கீழே நூலகத்தில். மாடியில் ஒழுகுகிறதாம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கேட்டால் இசக்கிராணி, "பழைய தண்ணிக்கா" என்கிறாள். லேப்டாப்பை அவளே தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறாள். நூலகத்தில் காற்று வரும், அதுதான் காரணமாக இருக்கும்.

முட்டி: நலம்.

ஜனவரி 27, திங்கள்

புள்ளியைக் கூட்டச் சொல்கிறேன். 1 என்கிறது. அடுத்த புள்ளிக்கும் 1. அதற்கு அடுத்ததற்கும் 1. நாள் முழுக்க ஆடினாலும் இவன் ஒன்றுக்கு மேல் தரமாட்டான். கருமி.

முட்டி: நலம்.

ஜனவரி 28, செவ்வாய்

கருமி அவன் இல்லை, நான். 'புள்ளி = 0' என்ற வரியைத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறான் பாவம். வெளியே எடுத்து வைத்ததும் 2, 3, 4 என்று ஓடினான். நூலகம் என்பதை மறந்து கைதட்டிவிட்டேன்.

மாலைப் பயிற்சியில் ஸ்மாஷுக்கு எப்படி எழும்பவேண்டும் என்று முப்பிடாதியை எழும்பச் சொல்லி மற்றவர்களுக்குக் காட்டினேன். முப்பிடாதி அணித்தலைவி. முன்பெல்லாம் நானே எழும்பிக் காட்டுவேன். அவளுடைய எழும்பல் இப்போது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, எதற்கு இரண்டு பேர் எழும்பவேண்டும்? நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கால் வைக்கும் கோணம் நன்றாகத் தெரிகிறது.

முட்டி: நலம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பயிற்சி ஆட்டத்தில் முதல் முறையாகப் புரோகிராமை ஓட்டினேன். எத்தனை புள்ளி என்று அதுவே கேட்கும். நான் தட்டினால் முன்பு இருந்ததோடு கூட்டிக் காட்டும். மைதானத்து வேப்பமரத்தடியில் மேஜை. நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை 12ல் இருந்து எடுத்துக்கொண்டோம். 12 என்று தட்டினேன். முப்பிடாதி ஒரு சர்வீஸ் போட்டாள், எதிர்ப்பக்கம் தொடக்கூட இல்லை. 1 என்று தட்டினேன்.

121 என்று காட்டியது.

பிள்ளைகள் குதித்த குதியில் புழுதி கிளம்பிவிட்டது. "மிஸ், ஒரு சர்வீஸுக்கு நூத்தி ஒம்பதா! இன்னொண்ணு போடட்டுமா?" என்கிறாள் முப்பிடாதி. திட்டவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

விசைப்பலகையில் தட்டுவதை எல்லாம் இவன் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்வானாம். 12 என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 1 என்ற எழுத்தை ஒட்டிவிட்டான். இது எண்ணடா என்று நாம் தனியாகச் சொல்லவேண்டும். சொன்னேன். 13 என்றான். எண்ணைப் பார்த்ததும் எண் என்று தெரியாதவனை மூளை என்று ஊரெல்லாம் கொண்டாடுகிறார்கள்.

முட்டி: நலம்.

பிப்ரவரி 12, புதன்

இரண்டு நாளாக ஒரே ரோதனை. பலகையில் மேல் வரி ஒரு அணி, கீழ் வரி இன்னொரு அணி. பெயருக்குப் பதினைந்து இடம் ஒதுக்கிவிட்டு அதற்குப் பிறகு புள்ளியைக் காட்டு என்றேன். இரண்டு வரியிலும் புள்ளி நேராக ஒன்றின் கீழ் ஒன்று நிற்கவேண்டும். நிற்கவில்லை. எங்கள் புள்ளி ஒரு பக்கம், சிவகிரியின் புள்ளி ஒரு பக்கம், காலைப் பிரார்த்தனை வரிசையில் ஆறாம் வகுப்பு நிற்பதுபோல.

இசக்கிராணிக்கும் முதலில் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் நேராக நிற்கிறது. பிறகு இருவரும் உட்கார்ந்து எழுத்தெண்ணச் சொல்லிப் பார்த்தோம். பாவூர்சத்திரம் என்பதில் எனக்குத் தெரிந்து எட்டு எழுத்து. அவன் பதினான்கு என்கிறான். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியை ஒரு ஆளாக எண்ணுகிறான், துணைக்காலை ஒரு ஆளாக எண்ணுகிறான். தூக்கிவந்த குழந்தைக்கும் டிக்கெட் போடும் கண்டக்டர்.

இசக்கிராணி கூகுளில் தேட ஆரம்பித்தாள். நான் யோசித்தேன். நீளமானவர்களை முன்னால் நிறுத்தினால்தானே வரிசை கெடும்? எண்ணை முன்னால் நிறுத்து, பெயர் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும். 'இடது 12 சிவகிரி' என்று மேலே, 'வலது 09 பாவூர்சத்திரம்' என்று கீழே. ஒன்பதுக்கு முன்னால் ஒரு சுழியம் போட்டு நிற்கவைக்கும் வழியை இசக்கிராணி சொன்னாள். நூல் பிடித்ததுபோல் நின்றது.

"எப்படிக்கா தோணுச்சு?"

"பதினஞ்சு வருசமா வரிச நிறுத்துதேன்" என்றேன்.

முட்டி: நலம்.

பிப்ரவரி 19, புதன்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வாலிபாலில் ஒவ்வொரு செட் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறவேண்டும். அதனால் பலகையிலும் இடதில் இருந்த பெயர் வலதுக்கும், வலதில் இருந்தது இடதுக்கும் போகவேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நானே எழுதினேன். இடது = வலது. அடுத்த வரி, வலது = இடது. இடதில் வலதைப் போடு, வலதில் இடதைப் போடு. குழந்தைக்கும் புரியும்.

மாலையில் அணியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிவகிரி என்று பெயர் வைத்து வலது பக்கம் நிறுத்தி ஆடவிட்டேன். மரகதம் டீச்சரும் வந்து பார்த்துக்கொண்டு நின்றார். முதல் செட் முடிந்தது. பிள்ளைகள் பக்கம் மாறினார்கள். நான் மிடுக்காக விசையைத் தட்டினேன்.

இடது 00 சிவகிரி.
வலது 00 சிவகிரி.

"மிஸ், நம்ம ஸ்கூலக் காணோம் மிஸ்!" என்று முப்பிடாதி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி தட்டினேன். சிவகிரி, சிவகிரி. எத்தனை முறை தட்டினாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவகிரி. பாவூர்சத்திரம் என்று ஒன்று இருந்த தடமே இல்லை.

எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் லேப்டாப்பை மூடிவிட்டு மரகதம் டீச்சர் பின்னாலேயே அவர் அறைக்குப் போனேன்.

"டீச்சர், எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம். தாளாளர்கிட்ட நானே பேசுதேன். பி.டி. இல்லாத ஒரு ஸ்கூல் உண்டுமா? என்ன எதுக்கு இதுல மாட்டிவிடணும்?"

"ஒக்காரு உலகம்."

"நின்னே பேசுதேன்."

"நிக்க முடியுதா?" என்றார்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாடிப்படில நீ செவத்தப் பிடிச்சிட்டு ஏறுதத நான் ஆடி மாசத்துல இருந்து பாக்கேன். தாளாளரும் பாத்துட்டாரு. ஓடமுடியாத பி.டி. டீச்சர எதுக்கு வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. சிவகிரில ஆபீஸ் வேலைக்குப் போடுதேன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். கம்ப்யூட்டரையும் வாலிபாலையும் சேத்து அவகிட்டயே குடுங்க, ஒக்காந்து சொல்லிக்குடுப்பா, டீம் ஒடையாதுன்னேன். போஸ்ட் போச்சுன்னு சொன்னாத்தான் நீ படிப்ப. முட்டின்னு சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்" என்றார்.

மாடியில் ஒழுகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வரும் அழுகைதான்.

முட்டி: நலம்.

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளிக்குப் போனேன். வந்தேன்.

முட்டி: நலம்.

பிப்ரவரி 22, சனி

பயிற்சிக்குப் போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். கால் தானாகப் போய்விட்டது. சரியாகச் சொன்னால், இவர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து, முறைத்துக்கொண்டு பார்த்தேன். செட் முடிந்தது. பிள்ளைகள் பக்கம் மாறினார்கள். எத்தனை ஆயிரம் முறை பார்த்த காட்சி! ஆனால் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இந்தப் பக்கத்து ஆறு பேரும் நேராக எதிர்ப்பக்கம் போய் நிற்பதில்லை. அங்கே ஏற்கெனவே ஆறு பேர் நிற்கிறார்களே, எப்படி நிற்பது? முதலில் கோட்டைத் தாண்டி வெளியே வருகிறார்கள். வெளியே நிற்கும் அந்த நேரத்தில்தான் இடம் காலியாகிறது. பிறகுதான் உள்ளே போகிறார்கள்.

நான் என்ன செய்திருக்கிறேன்? சிவகிரியைக் கொண்டுபோய் எங்கள் பிள்ளைகள் நின்ற இடத்தின் மேலேயே இறக்கிவிட்டேன். பெட்டியில் ஒன்றுதான் இருக்கமுடியும், புதிதாகப் போட்டால் பழையது போய்விடும் என்று இசக்கிராணி முதல் நாளே சொன்னாள். எங்கள் பெயர் அழிந்துவிட்டது. இரண்டாவது வரி வலதில் எதைப் போடும்? இடதில் இருக்கும் சிவகிரியைத்தான் போடும்.

மேஜைக்குப் போய் ஒரு பெட்டி புதிதாகச் செய்தேன். அதற்கு 'வெளியே' என்று பெயர் வைத்தேன்.

வெளியே = இடது
இடது = வலது
வலது = வெளியே

தட்டினேன். பாவூர்சத்திரம் வந்துவிட்டது. வலது பக்கத்தில், என் பிள்ளைகள் இப்போது மாறி நிற்கும் அதே பக்கத்தில். முப்பிடாதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம ஸ்கூல் கெடச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

இசக்கிராணிக்குப் போனில் சொன்னேன். "சூப்பர்க்கா! பைத்தான்ல இத ஒரே வரில மாத்துததுக்கு வழி இருக்கு, சொல்லட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். இது நான் கண்டுபிடித்தது. நியூட்டனுக்கு ஆப்பிள் என்றால் எனக்கு மைதானம்.

இன்னொன்றும் சேர்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு செட் ஜெயித்து மூன்றாவது செட் வந்தால், அதில் எட்டாவது புள்ளியிலேயே பக்கம் மாறவேண்டும். அப்போது புள்ளி பூஜ்யமாகாது, பெயரோடு சேர்ந்து புள்ளியும் மாறவேண்டும். இது எந்தக் கம்ப்யூட்டர் டீச்சருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெளியே கொஞ்ச நேரம் நிற்பது ஒன்றும் ஆட்டத்தைவிட்டுப் போவதில்லை.

முட்டி: நலம்.

பிப்ரவரி 28, வெள்ளி

பாடம் ஆறாம் வகுப்பில். பின்பெஞ்சில் தாளாளர், மரகதம் டீச்சர். இசக்கிராணி கதவோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டுதான் பாடம் நடத்தவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சரியான புரோகிராமை நான் காட்டவில்லை. நான் செய்த தப்புகளை எல்லாம் வரிசையாகக் காட்டினேன். 'வணக்கம், பெயர்' காட்டினேன், 121 காட்டினேன், ஒன்றுக்கு மேல் ஏறாத கருமியைக் காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தாளாளர் தொண்டையைக் கனைத்தார்.

"என்ன டீச்சர், எல்லாம் தப்புத் தப்பா வருது?"

"ஆமா ஐயா. சர்வீஸ் எங்க வெளிய போவும்னு காட்டாம, உள்ள போடச் சொல்லிக்குடுக்க முடியாது" என்றேன். அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பக்கம் மாறுவதற்கு இரண்டு பிள்ளைகளை எழுப்பி இடம் மாறச் சொன்னேன். ஒரே பெஞ்சில் ஒருத்தி மடியில் ஒருத்தி போய் உட்கார்ந்தார்கள். "யாராவது ஒருத்தி வெளிய வரணும்லா மிஸ்" என்று வகுப்பே சொல்லிவிட்டது. நான் சொல்ல வேலையே இல்லை.

முடிக்கிற நேரத்தில், ரெட்டைச் சடை போட்ட சின்னப்பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மிஸ், மொதல்ல காட்டுனீங்கல்லா, மேற்கோளுக்குள்ள போட்டா அப்படியே சொல்லும்னு. பெட்டிக்குள்ள இருக்கது மாறிட்டுன்னா?"

"எது மாறுனாலும் சரி. மேற்கோளுக்குள்ள நீ எழுதுனதத்தான் திருப்பிச் சொல்லும். உள்ள எட்டிப் பாக்காது."

"தெனமும் அதையேவா?"

"தெனமும் அதையேதான்."

"அப்ப அது பொய் சொல்லுது, அப்படித்தான மிஸ்?"

பின்பெஞ்சில் மரகதம் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது பொய் சொல்லலட்டி. எழுதுனவ சொல்லுதா" என்றேன்.

மணி அடித்தது. தாளாளர் போகும்போது, "ஜூன்ல இருந்து ஆறு, ஏழு, எட்டு உங்களுக்கு. டீமும் ஒங்களுக்குத்தான். ஓடுறதுக்கு ஒரு பகுதிநேர ஆள் போட்டுக்குவோம்" என்றார். இசக்கிராணி வந்து கட்டிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டேன். ஜெயிப்பேன் என்று முதல் நாளே தெரியும்.

முட்டி:

இந்த வரியை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 1, சனி

கோப்பை எங்களுக்கு!

முதல் செட் நாங்கள், இரண்டாவது சிவகிரி. அந்தப் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூன்றாவது செட்டில் எட்டுக்கு ஆறு என்று நாங்கள் முந்தி நின்றபோது நடுவர் பக்கம் மாறச் சொன்னார். ஊரே டிவியைப் பார்த்தது. தட்டினேன். பெயரும் மாறியது, புள்ளியும் மாறியது. எட்டு எங்களோடேயே வந்தது. யாரும் கைதட்டவில்லை, யாரும் சண்டை போடவில்லை. ஸ்கோர்போர்டுக்கு அதைவிடப் பாராட்டு கிடையாது.

பதினான்குக்குப் பதிமூன்றில் முப்பிடாதி எழும்பினாள். பந்து கோட்டின் மேல் விழுந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். நானும் எழுந்து ஓடப்போனேன். எழ முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசிப் புள்ளியைத் தட்டினேன். 15. பிறகு அவர்களே என்னிடம் ஓடி வந்தார்கள். மேஜை சாய்ந்தது, லேப்டாப்பை இசக்கிராணி பிடித்துக் காப்பாற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். "அந்த வெஸ்டர்ன் யாருக்கு வாங்குனீங்க?"

"ஒனக்குத்தாம்ளா. ஒனக்குன்னு சொன்னா அடிக்க வருவ. அதான் அம்மா தலைல போட்டேன்."

"டாக்டர் மே மாசம் ஆபரேஷன் வச்சுக்கலாம்னு சொன்னாரு. ஏப்ரல்லயே போலாமா?" என்றேன்.

டாக்டரிடம் நான் போனது அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எந்த டாக்டர் என்றுகூடக் கேட்காமல், "ஆட்டோவக் கழுவி வைக்கேன்" என்றார்.

முட்டி: வலிக்கிறது. இடது. படி இறங்கும்போது அதிகம்.